போற்றப்படும் மொழியும் புழங்கும் மொழியும்

வீணையின் இனிமையைப் புகழாதார் இல்லை. ஆயினும் வீடுதோறும் வீணை இருப்பதில்லை. புகழ் வேறு, புழக்கம் வேறு. இவ்வேற்றுமை மிகத் தெளிவாகப் புலப்படும் துறை ஒன்று உண்டு. அது கணினிக்குக் கட்டளை எழுதும் துறை. அத்துறையில் வல்லவர்கள் ஒருமுகமாகப் போற்றும் மொழிகள் சில இருக்கின்றன. அவற்றில் எழுதப்பெற்று நாள்தோறும் உலகில் வேலை செய்யும் நிரல்களோ மிகக் குறைவு. சிறந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்றை, ஒப்புக்கொண்டவர்களே கையாளாமல் விடுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம். விடை கணினியோடு நின்றுவிடுவதன்று. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு, நம் பிள்ளைகளின் கல்வியைத் தொடும் செய்தியும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில், நிரல்மொழி என்றால் என்ன என்று பார்ப்போம். கணினி என்னும் யந்திரத்துக்கு அடிப்படையில் தெரிந்தவை பூஜ்யம், ஒன்று ஆகிய இரண்டு எண்களே. அவ்விரண்டைக் கொண்டே அதனிடம் வேலை சொல்வதென்றால், ஒரு சிறு வட்டிக் கணக்குக்கும் பக்கம் பக்கமாக எண்களை எழுதவேண்டியிருக்கும். ஆகவே, மனிதருக்கு எளிதாகத் தோன்றும் சொற்களையும் குறிகளையும் கொண்டு ஒரு செயற்கை மொழியை வகுத்தார்கள். அதில் எழுதியதை யந்திரத்தின் எண்களாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பு நிரல் ஒன்றையும் உடன் செய்துவைத்தார்கள். இந்தச் செயற்கை மொழியே நிரல்மொழி. அதில் ஒழுங்காக எழுதப்பெற்ற கட்டளை வரிசைக்கு நிரல் என்று பெயர். சமையற் குறிப்பில் இன்னதை இவ்வளவு எடுத்து, இன்னது கொதித்ததும் இன்னதைப் போடுக என்று எழுதுகிறோம் அல்லவா? நிரலும் அத்தகையதே. இத்தகைய மொழிகள் இன்று நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலான வேலைகளைச் செய்வன விரல்விட்டு எண்ணத்தக்க சில மட்டுமே.

ஒரு மொழி ஏன் புழங்குகிறது, மற்றொன்று ஏன் புழங்கவில்லை என்பதை அறிய, மனிதர் பேசும் மொழிகளின் நிலையை எல்லைப்புறத்து ஊர் ஒன்றில் நோக்குவது நலம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லையைக் கடந்து, சுருட்டப்பள்ளியைத் தாண்டிச் சென்றால் நாகலாபுரம் வருகிறது. விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்று அதனைச் சொல்வார்கள். மச்சாவதாரக் கோலத்தில் வேதநாராயணப் பெருமாள் எழுந்தருளியுள்ள கோயில் அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மூன்று நாள் மாலையில் கதிரவனின் ஒளி வாயில்களையெல்லாம் கடந்து கருவறையுள் புகுந்து, முதல் நாள் திருவடியிலும், அடுத்த நாள் உந்தியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படும் காட்சியைக் காணத் திரளாக மக்கள் கூடுகிறார்கள்.

அந்த வட்டாரத்தின் ஆட்சி எல்லை நம் காலத்திலேயே மாறியிருக்கிறது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே எல்லைத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்த சிற்றூர்கள் பல ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனபோது நாகலாபுரம் அதனுள் வந்தது. இத்தகைய எல்லைப்புறத்தில் வீட்டுக்குள்ளே தமிழ் பேசுவோரும் உண்டு, தெலுங்கு பேசுவோரும் உண்டு. கடைத்தெருவில் இரண்டும் கலந்து ஒலிக்கும். அலுவலகத்தில் கொடுக்கும் மனு மட்டும் தெலுங்கில் இருந்தால்தான் காரியம் எளிதில் நடைபெறும்.

இதற்குக் காரணம் தெலுங்கு உயர்ந்தது, தமிழ் தாழ்ந்தது என்பதன்று. எல்லைக் கோட்டுக்கு இப்பால், ஊத்துக்கோட்டையில், தெலுங்கு பேசுவோர் தமிழில் மனு எழுதுகிறார்கள். இரண்டில் எது அழகியது என்ற கேள்வியே அவ்விடங்களில் எழுவதில்லை. எழும் கேள்விகள் மூன்று. எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள எதிரே ஆள் இருக்கிறாரா? பழைய பதிவேடுகள் எந்த மொழியில் இருக்கின்றன? மனுவைப் பெற்றுக்கொள்ளும் வாயில் எந்த மொழிக்குத் திறந்திருக்கிறது? ஆள், இருப்பு, வாயில் என்று இம்மூன்றையும் சுருக்கிச் சொல்லலாம். பிற மாநிலத்தில் குடியேறிய நேயர்கள் இவ்வுண்மையைப் புத்தகத்திலிருந்து கற்கவேண்டியதில்லை. குடும்ப அட்டைக்கு விண்ணப்பம் எழுதிய நாளிலேயே அவர்கள் இதனை அறிந்திருப்பார்கள். இம்மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு இனி யந்திரத்தின் மொழிகளிடம் செல்வோம்.

முதலாவது வாயில். 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேக்கஸும் அவருடைய குழுவினரும் ஃபோர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டார்கள். விஞ்ஞானிகளின் கணக்குகளைப் போடுவதற்காக ஏற்பட்ட மொழி அது. அதன் அமைப்பில் பல முரண்கள் இருந்தன. இதனினும் செம்மையான ஒரு மொழி வேண்டும் என்று கருதிய அறிஞர்கள் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 1960ஆம் ஆண்டு சனவரியில் பாரிஸ் நகரில் கூடினார்கள். அக்கூட்டத்தின் பயனாகத் தோன்றியது ஆல்கால் 60 என்னும் மொழி. அதன் இலக்கணம் கணிதச் சூத்திரம் போல் சுருக்கமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் எழுதப்பட்டிருந்தது. பின்னாளில் வந்த மொழிகள் பலவும் அதனைப் பார்த்தே தம் இலக்கணத்தை வகுத்துக்கொண்டன. ஆராய்ச்சி இதழ்களில் கணக்கு முறைகளை அச்சிடுவதற்கும் ஆல்காலையே கையாண்டார்கள்.

இவ்வளவு சிறப்பு வாய்ந்த மொழியில் ஒரு குறை இருந்தது. எண்களை வெளியிலிருந்து உள்ளே வாங்குவதற்கும், வந்த விடையைத் தாளில் அச்சிடுவதற்கும் உரிய கட்டளைகளை அதன் இலக்கணம் வகுக்கவே இல்லை. அதனை ஒவ்வொரு யந்திரமும் தன் விருப்பப்படி செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஓரிடத்தில் எழுதிய ஆல்கால் நிரல் மற்றோரிடத்து யந்திரத்தில் திருத்தமின்றி ஓடவில்லை. ஃபோர்ட்ரானிலோ வாங்கவும் அச்சிடவும் முதலிலிருந்தே கட்டளைகள் இருந்தன. அதற்குப் பின்னே மிகப் பெரிய கணினி வணிகரின் ஆதரவும் இருந்தது. ஆகவே அறிஞர்கள் ஆல்காலில் கட்டுரை எழுதினார்கள். ஃபோர்ட்ரானில் கணக்குப் போட்டார்கள். எழில் மிக்க மாளிகை கட்டி வாசற்கதவை மட்டும் மறந்துவிட்டது போன்ற கதை இது.

இரண்டாவது ஆள். இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தது. அதில் கிடைத்த மொழி ஃபோர்ட்ரான். ஆகவே அங்கு ஆசிரியர்களும் மாணவர்களும் கற்றது ஃபோர்ட்ரான். அங்கே பாடம் சொன்னவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராஜாராமன். அவர் எழுதிய மலிவு விலைப் பாடநூல்கள் நாடெங்கும் பரவின. அங்கே கற்றவர்கள் வேறு கல்லூரிகளுக்கும் ஆலைகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் சென்று அதே மொழியைக் கற்பித்தார்கள். உலகிலுள்ள மொழிகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து யாரும் ஃபோர்ட்ரானைத் தேர்ந்தெடுக்கவில்லை. யந்திரம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், நூல் இருந்தது. மொழி தானாகப் பரவிற்று.

இன்றைய இளைஞரின் நிலையும் அதுவே. வேலை தேடிப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் செல்பவர் ஜாவாவோ பைத்தானோ கற்றுக்கொள்கிறார். விளம்பரங்களில் அவற்றையே கேட்கிறார்கள். நிறுவனங்கள் ஏன் அவற்றையே கேட்கின்றன? கற்றவர் அவற்றில்தான் மிகுதியாகக் கிடைக்கிறார்கள். ஒருவர் விலகிச் சென்றால் மறுவாரமே இன்னொருவரை அமர்த்தலாம். அரிய மொழி ஒன்றில் நிரல் எழுதிவைத்த ஊழியர் விலகினால், அந்த நிரலைப் படித்துப் பொருள் சொல்வதற்கே ஆளைத் தேடவேண்டும். ஆகவே மேலாளர் அரிய மொழியை மெச்சுவார், ஆனால் வாங்கமாட்டார். கேட்பவர் இல்லாததால் கற்பவர் இல்லை. கற்பவர் இல்லாததால் கேட்பவர் இல்லை. இவ்வட்டத்துக்குள் அகப்பட்ட மொழி வெளியேறுவது கடினம்.

மூன்றாவது இருப்பு. மொழி ஒன்றை ஏற்றுக்கொள்பவர் அதன் சொற்களை மட்டும் பெறுவதில்லை. அம்மொழியில் அதுவரை பிறர் எழுதிவைத்த நிரல்களையும் உடன் பெறுகிறார். படம் வரைய ஒன்று, வங்கிக்குச் செய்தி அனுப்ப ஒன்று, நாள் கணக்கிட ஒன்று என்று ஆயிரக்கணக்கான துணை நிரல்கள் புழங்கும் மொழிகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. புதிய மொழியில் அவற்றையெல்லாம் தாமே செய்துகொள்ளவேண்டும். பழைய இருப்பின் பலம் எத்தகையது என்பதற்குக் கோபோல் என்னும் மொழி சான்று. 1959ஆம் ஆண்டில் வணிகக் கணக்குகளுக்காகத் திட்டமிடப்பட்ட அம்மொழியை இன்று அழகுக்காகப் போற்றுவார் அரியர். ஆயினும் அதில் எழுதிய நிரல்கள் வங்கிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் வேலை இழந்தோர் உதவித்தொகைக்காகத் திரண்டபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் தெரிந்தவர்கள் முன்வந்து உதவவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கவேண்டியதாயிற்று.

இனிப் புகழ்பெற்ற இரு மொழிகளின் வரலாற்றைக் காண்போம். ஒன்று லிஸ்ப். 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி அதனை வகுக்கத் தொடங்கினார். அதில் கட்டளையும் சரக்கும் ஒரே வடிவில், பட்டியலாக, எழுதப்படும். அதனால் ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தானே எழுதிவிடமுடியும். வேலை முடிந்து கிடக்கும் நினைவிடங்களை யந்திரமே பெருக்கிச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அம்மொழிதான் முதலில் கொண்டுவந்தது. ஆனால் அதன் வலிமையே அதற்கு இடையூறாகவும் அமைந்தது. ஒவ்வொரு வித்துவானும் தமக்கேற்ற நடையை அதற்குள்ளேயே படைத்துக்கொள்ள முடிந்ததால், கிளைமொழிகள் பல தோன்றின. ஒருவர் எழுதியது மற்றவருக்கு எளிதில் விளங்கவில்லை. லிஸ்ப்புக்கென்றே தனி யந்திரங்களைச் செய்து விற்றார்கள். மலிவான பொதுக் கணினிகள் வேகம் பெற்றதும், 1980களின் பிற்பகுதியில் அவ்வணிகம் சரிந்தது.

மற்றொன்று ஹாஸ்கெல். 1987ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்று கூடித் திட்டமிட்டு 1990இல் வெளியிட்ட மொழி இது. ஹாஸ்கெல் கரி என்னும் தருக்க அறிஞரின் பெயரைத் தாங்கியது. அதன் கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். பதினாறாம் வாய்பாடு என்றைக்கும் மாறாது. கத்தரிக்காய் விலை நாளுக்கு நாள் மாறும். ஹாஸ்கெல் இவ்விரண்டையும் கலக்கவிடுவதில்லை. வாய்பாடு போல் மாறாதவற்றை ஒருபுறமும், சந்தை போல் மாறும் வெளியுலகத் தொடர்புகளை மற்றொரு புறமுமாகப் பிரித்து எழுதச் செய்கிறது. அதனால் நிரல் ஓடுவதற்கு முன்பே பிழைகள் பல அகப்பட்டுவிடுகின்றன. இது பெரிய நன்மை. ஆனால் இம்முறைக்கு மனத்தைப் பழக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். தேவைப்படும்வரை கணக்கைப் போடாமல் ஒத்திவைக்கும் அதன் இயல்பினால், நிரல் எவ்வளவு நினைவிடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டி அறிவதும் கடினம். எப்பாடு பட்டேனும் வெற்றி பெறுவது என்ற போக்கைத் தவிர்ப்போம் என்பது அம்மொழியை வளர்த்தவர்களிடையே வழங்கிய வாசகம். பயன்படுத்துவோர் பெருகிவிட்டால் பழைய நிரல்கள் கெடுமே என்று அஞ்சி மொழியைத் திருத்தாமல் விட நேரும். சிறு கூட்டமாக இருந்தால் துணிந்து திருத்தலாம் என்பது அதன் உட்பொருள்.

இதற்கு எதிர்மாறானது ஜாவாஸ்கிரிப்ட்டின் கதை. 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை ஆக்கினார். அவசரத்தின் தடங்கள் அம்மொழியில் இன்றும் தென்படுகின்றன. அதனைக் கையாள்பவர்களே அவற்றைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆயினும் இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி ஒவ்வொன்றினுள்ளும் அது குடிபுகுந்துவிட்டது. உலகிலுள்ள கோடிக்கணக்கான திரைகளுக்கும் அதுவே வாயில் ஆயிற்று. வாயில் கிடைத்தவுடன் ஆள் வந்தார்கள். ஆள் வந்தபின் இருப்பு வளர்ந்தது.

இப்போது நம் வீட்டு உதாரணத்துக்கு வருவோம். தமிழிலேயே கணினிக்குக் கட்டளை எழுதமுடியுமா? முடியும் என்று செய்து காட்டியவர் முத்து அண்ணாமலை என்னும் பொறியியலாளர். அவர் ஆக்கிய மொழிக்கு எழில் என்று பெயர். 2009ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டார். 2013ஆம் ஆண்டில் யாவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க திறமூல மென்பொருளாக அது வெளிவந்தது. என். சொக்கனுடன் சேர்ந்து 'தமிழில் நிரல் எழுது' என்னும் நூலையும் அவர் எழுதினார்.

எழில் மொழியில் விடையைத் திரையில் காட்டுவதற்குப் பதிப்பி என்று கட்டளை. ஒரு பகுதி முடிந்தது என்பதற்கு முடி. கணக்கிட்ட விடையைத் திருப்பித் தருவதற்குப் பின்கொடு. நிபந்தனை சொல்லும் முறையோ நுட்பமானது. ஆங்கிலத்தைத் தழுவிய நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். தமிழில் நாம் அவ்வாறு பேசுவதில்லை. மழை பெய்ததானால், விலை குறைந்ததானால் என்று நிபந்தனையை முதலிற் சொல்லி ஆனால் என்பதைப் பின்னே வைக்கிறோம். எழிலும் அவ்வாறே அமைந்தது. எண் பத்தினும் பெரிதானால் என்பதனை அம்மொழியில் @( எண் > 10 ) ஆனால் என்று எழுதவேண்டும். எண் பத்தை எட்டும் வரை என்று மீண்டும் மீண்டும் செய்யச் சொல்வதற்கும் வரை என்னும் சொல் நிபந்தனைக்குப் பின்னேதான் நிற்கும். ஆங்கில மொழி ஒன்றை எடுத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தால் இந்த இயல்பு வந்திராது. தமிழ்த் தொடரின் போக்கை அறிந்து செய்த வேலை இது.

இத்தகைய மொழியைத் தமிழர் பலர் பாராட்டினார்கள். ஆனால் அதில் கடைக்கணக்கோ வங்கிக்கணக்கோ ஓடவில்லை. ஏன் என்பதற்கு மேலே கண்ட மூன்றுமே விடை தரும். எழிலில் எழுதியதைப் படிக்கத் தமிழறிந்தவரே வேண்டும். ஓர் அலுவலகத்தில் கன்னடரும் மலையாளியும் வங்காளியும் ஒருங்கே உழைக்கும்போது அது இயலாது. துணை நிரல்களின் இருப்பு அதில் சிறிது. வேலைக்குச் சேர்க்கும் வாயில் அதற்குத் திறக்கவில்லை. இவற்றோடு நான்காவதாக ஓர் உண்மையும் உண்டு. நம்மவர் பெரும்பாலும் கவனிக்காதது அது. பைத்தான் போன்ற மொழியில் தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35 மட்டுமே. தமிழ்க் குழந்தை ஒன்று அவற்றை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடும். தடை அங்கே இல்லை. பிழை நேர்ந்தால் யந்திரம் சொல்லும் செய்தி, விளக்க நூல், வழிகாட்டிக் குறிப்பு, வகுப்பில் ஆசிரியர் பேசும் பேச்சு ஆகிய இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதே தடை. முப்பது சொற்களைத் தமிழாக்குவது வாயிற்படியைச் செப்பனிடுவது போன்றது. வீட்டுக்குள் இன்னும் விளக்கேற்றவேண்டியிருக்கிறது.

அப்படியானால் போற்றப்படும் மொழிகளால் பயனே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். பயன் உண்டு, அது வேறு வழியில் வந்து சேர்கிறது. நாகலாபுரத்துக் கோயிலோடு தொடர்புடைய கிருஷ்ணதேவராயரையே எடுத்துக்கொள்வோம். அவர் இயற்றிய 'ஆமுக்தமால்யத' தெலுங்குக் காவியம். அதன் கதையோ ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் மகளாக வளர்ந்த ஆண்டாளுடையது. தமிழ் அறியாத தெலுங்கு மக்களும் தமிழ்ப் பாவையின் பக்தியை அக்காவியத்தால் அறிந்தார்கள். மொழி எல்லையைக் கடக்காவிட்டாலும் கருத்துக் கடந்துவிடும்.

கணினித் துறையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நினைவிடத்தை யந்திரமே பெருக்கிக்கொள்ளும் லிஸ்ப்பின் ஏற்பாடு ஜாவாவிலும் பைத்தானிலும் புகுந்து இன்று எங்கும் வழங்குகிறது. பட்டியலிலிருந்து பட்டியலைச் சுருக்கமாக ஆக்கும் முறையை, ஹாஸ்கெலைப் பார்த்துப் பைத்தான் 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஆல்கால் மறைந்தது, அதன் இலக்கண முறை நிலைத்தது. இன்று ஜாவாவில் எழுதும் இளைஞர், பெயர் தெரியாமலே இம்மூன்று மொழிகளுக்கும் கடன்பட்டிருக்கிறார்.

அன்றியும், அரிய மொழி தனக்கேற்ற வேலை வாய்த்த இடத்தில் வேரூன்றுவதும் உண்டு. ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1980களில் தொலைபேசி நிலையங்களுக்காகத் தோன்றிய எர்லாங் என்னும் மொழியை வாட்ஸாப் நிறுவனத்தார் மேற்கொண்டார்கள். ஒரே நேரத்தில் பல இலட்சம் தொடர்புகளை அறுந்துபோகாமல் நடத்துவதற்கே பிறந்த மொழி அது. பெங்களூரில் 2022ஆம் ஆண்டில் தொடங்கிய நம்ம யாத்திரி என்னும் ஆட்டோ ரிக்ஷாச் செயலியின் பின்புல நிரல் ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. அந்நகரில் வாழும் நேயர்களுள் அதன் வழியே ஆட்டோவை அழைத்தவர்கள், புழக்கமற்றது என்று பேசப்படும் ஒரு மொழியின் உழைப்பைத் தம்மையறியாமலே பெற்றிருக்கிறார்கள்.

எழில் மொழியும் இவ்வாறு ஒரு கிளைப்பயனைத் தந்திருக்கிறது. முத்து அண்ணாமலையும் அவர் தோழர்களும் ஓபன்-தமிழ் என்னும் துணை நிரல் தொகுப்பைப் பைத்தான் மொழிக்காக ஆக்கினார்கள். அதன் தேவை என்ன? தமிழ் என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. யந்திரம் அதனைத் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணும். மேலும், யுனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துமுறையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வைக்கப்பட்டிருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் யந்திரம் தன் வரிசையைப் பின்பற்றித் தவறு செய்துவிடும். எழுத்தைத் தமிழ் முறைப்படி எண்ணவும் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் இத்தொகுப்பு உதவுகிறது. தனி மொழியாக நின்றபோது திறக்காத வாயில், புழங்கும் மொழிக்குள் துணையாகச் சென்றபோது திறந்துகொண்டது.

இவ்வளவும் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு எதைச் சொல்கின்றன? பூனாவிலும் பிலாயிலும் ஐதராபாத்திலும் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழைப் பேசுவார்கள். எழுதப் படிக்க அறியமாட்டார்கள். பள்ளியில் அவர்களுக்குத் தமிழுக்கு வாயில் இல்லை; படிக்கும் தோழர் இல்லை; கையருகே நூல் இல்லை. ஆண்டுக்கொரு முறை பொங்கல் விழா மேடையில் தமிழின் தொன்மையைப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்புகிறோம். புகழால் மட்டும் ஒரு மொழி புழக்கம் பெறாது என்பதை யந்திர மொழிகளின் வரலாறு நமக்குக் காட்டிவிட்டது. பிள்ளையின் கையில் தமிழால் ஆகவேண்டிய ஒரு வேலை இருக்கவேண்டும்.

அத்தகைய வேலையைக் கணினி வழியே தருவது இன்று எளிது. பத்து வயதுப் பிள்ளைக்கு எழில் மொழியில் நான்கு வரி எழுதக் கற்பிக்கலாம். வருவாய்க்காக அன்று; யந்திரம் தமிழுக்கும் கீழ்ப்படியும் என்பதைத் தன் கண்ணால் காண்பதற்காக. 1967ஆம் ஆண்டில் லிஸ்ப்பின் வழித்தோன்றலாக வந்த லோகோ என்னும் மொழி, திரையில் ஆமையை ஓடவிட்டுக் குழந்தைகளுக்குக் கணிதம் கற்பித்தது. அதுவும் வங்கிக்கணக்கு எழுதவில்லை, ஆனால் உலகெங்கும் பள்ளிகளில் பயன்பட்டது. சற்று வளர்ந்த பிள்ளை பைத்தானைக் கற்கட்டும். ஊர்த் தமிழ்ச் சங்கத்து உறுப்பினர் பட்டியலைத் தமிழ் நெடுங்கணக்குப்படி வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றை எழுதும்படி அதனிடம் சொல்லலாம். அவ்வேலையைச் செய்துமுடிக்கப் பிள்ளை பன்னிரண்டு உயிரையும் பதினெட்டு மெய்யையும் முறையாக அறிந்தே தீரவேண்டும். தொழிலும் வந்தது, தமிழும் வந்தது.

நிரல் எழுதும் பணியில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தாம் அன்றாடம் கையாளும் கருவியின் விளக்கத்தைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிவைக்கலாம். மொழியை நிலைநிறுத்தும் இருப்பு இத்தகைய சிறு பக்கங்களால்தான் பெருகும். எதிரே இருப்பவர் படிக்கும் மொழியில் மனு எழுதிக்கொண்டே வீட்டில் தம் மொழியைக் காத்துவரும் எல்லைப்புறத்து மக்கள் இதில் நமக்கு வழிகாட்டிகள். புழங்கும் மொழியைக் கற்போம், அதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. போற்றும் மொழிக்கு ஒரு வேலை கொடுப்போம். அவ்வேலை எவ்வளவு சிறிதாயினும், மேடையில் பேசும் புகழுரையைக் காட்டிலும் அது மொழிக்கு அதிக நாள் சோறு போடும்.